ஒரு கோப்பைக்கு ஒரு பிற்பகல்

கொல்கத்தாவின் காலேஜ் ஸ்ட்ரீட் காபி ஹவுஸில் விலை குறைவான பண்டம் காபி. விலையே போடாத பண்டம் நேரம். பல தலைமுறை மாணவர்கள் இரண்டாவதைத் தேடித்தான் மாடிப்படி ஏறியிருக்கிறார்கள்.

மாடிப்படியில் கால் வைக்கும்போதே இரைச்சல் கேட்டுவிடும். கீழே புத்தகக் கடைகள். படிக்கட்டுச் சுவர்களில் போஸ்டர்கள்: சிறுபத்திரிகை வெளியீடு, நாடகம், கவிதை வாசிப்பு, நாளை மறுநாள் ஊர்வலம். முதல் மாடிக் கூடத்துக்குள் நுழைந்தால் கல்யாண வீட்டுப் பந்தியின் சத்தம். இரண்டு மாடி உயரத்துக்கு எழும்பி நிற்கும் கூரை. அங்கிருந்து நீண்ட கம்பிகளில் தொங்கும் மின்விசிறிகள். மேலே சுற்றிலும் ஓடும் பால்கனி. சுவரில் பெரிய படமாக ரவீந்திரநாத் தாகூர். வெள்ளைச் சீருடையும் விசிறி மடிப்புத் தலைப்பாகையும் அணிந்த சர்வர்கள் மேஜைகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து போகிறார்கள்.

மாணவர்கள் பெரும்பாலும் கேட்பது 'இன்ஃப்யூஷன்'. பால் கலக்காத கறுப்புக் காபி. கும்பகோணம் டிகிரி காபியில் பழகிய நாக்கு முதல் மடக்கிலேயே முகம் சுளிக்கும். கையில் காசு புரளும் நாட்களில் கோல்ட் காபியோ, முட்டைக் கலவை வலைபோலப் பொரிந்து மூடியிருக்கும் சிக்கன் கபிராஜி கட்லெட்டோ மேஜைக்கு வரும். மாதக் கடைசியில் நாலு பேருக்கு இரண்டு கோப்பை. கோப்பை காலியாகி ஒரு மணி நேரம் ஆனாலும் சர்வர் பில்லை நீட்டி நிற்பதில்லை. இடம் கிடைக்காமல் பக்கத்தில் காத்து நிற்பவர்கள் முறைத்துப் பார்க்கலாம். அதற்கெல்லாம் அசைந்து கொடுப்பவர்கள் இங்கே அதிகம் இல்லை.

எந்த ஓட்டல் முதலாளியும் இதை அனுமதிக்கமாட்டார். ஒரு மேஜையில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் வந்து எழுந்து போகிறார்கள் என்பதில்தான் ஓட்டல் கணக்கே இருக்கிறது. இந்த ஓட்டலுக்கு முதலாளி இல்லை என்பது இங்கே பாதி விடை. மீதி விடைக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஒரு பக்கம் டார்ஜிலிங்கும் இன்னொரு பக்கம் அஸ்ஸாமும் இருக்க, தேயிலை ஏலத்தாலேயே பேர் பெற்ற ஊரில் காபிக்கு என்ன வேலை? காரணம் தெற்கே இருந்தது. 1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் காபி விலை விழுந்தது. குடகு, சிக்மகளூர், வயநாடு, நீலகிரி, சேர்வராயன் மலைகளில் விளைந்த கொட்டைக்கு உள்நாட்டிலேயே வாடிக்கையாளர்களைத் தேட வேண்டிய நிலை. 1935-ல் காபிக்கு மேல்வரி விதிக்கும் சட்டம் வந்தது. அந்தப் பணத்தைக் கொண்டு 1936-ல் பம்பாய் சர்ச்கேட்டில் முதல் இந்தியா காபி ஹவுஸ் திறக்கப்பட்டது. யுத்தம் வந்து ஏற்றுமதி தடைப்பட்ட பிறகு தேவை இன்னும் கூடியது. 1942-ல் காபி வாரியம் கல்கத்தாவில் தேர்ந்தெடுத்த இடங்களில் ஒன்று ஆல்பர்ட் ஹால். தென்னாட்டுத் தோட்டங்களுக்கான விளம்பரமாகத்தான் வங்காளத்தின் மிகப் பெரிய பேச்சுக் கூடம் பிறந்தது.

ஆல்பர்ட் ஹாலுக்குப் பேச்சு புதிதல்ல. விக்டோரியா மகாராணியின் கணவர் பெயரால் 1876-ல் அமைந்த அந்தக் கூடத்தில்தான் அதே வருடம் சுரேந்திரநாத் பானர்ஜியும் ஆனந்த மோகன் போஸும் இந்தியன் அசோசியேஷனைத் தொடங்கினார்கள். காங்கிரஸ் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு, 1883-ல், பல மாகாணப் பிரதிநிதிகள் கூடிய தேசிய மாநாடும் அங்கேதான் நடந்தது. மேடையில் ஒருவர் பேச மற்றவர்கள் கேட்ட கூடத்தில், காபி வந்த பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கினார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

இடமும் வாய்த்தது. நாலு எட்டு வைத்தால் எதிரே பிரசிடென்சி கல்லூரி. 1817-ல் இந்துக் கல்லூரியாகத் தொடங்கிய அது 2010-ல் பல்கலைக்கழகமாகிவிட்டது. அதையடுத்து 1857-ல் நிறுவப்பட்ட கல்கத்தா பல்கலைக்கழகம். கூப்பிடு தூரத்தில் சமஸ்கிருதக் கல்லூரி, மருத்துவக் கல்லூரி. இவற்றுக்கு இடைப்பட்ட நடைபாதை முழுக்கத் தகரத்திலும் பலகையிலும் கட்டிய பழைய புத்தகக் கடைகள். புத்தகம் வாங்கியவனுக்கு அதைப் புரட்டிப் பார்க்க ஒரு நாற்காலி வேண்டும். புரட்டிய பிறகு சண்டை போட எதிரே ஓர் ஆள் வேண்டும்.

அந்த நாற்காலி வீட்டில் கிடைக்கவில்லை என்பதுதான் முக்கியம். மாவட்டங்களிலிருந்து படிக்க வந்தவர்கள் மெஸ் வீடுகளிலும் ஹாஸ்டல்களிலும் ஓர் அறைக்கு நாலைந்து பேராகத் தங்கினார்கள். 1947-க்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்களில் ஒரே அறையில் ஒரு குடும்பமே வாழ்ந்தது. அங்கே நண்பனை அழைத்துப் போய் எங்கே உட்கார வைப்பது? வேலை கிடைக்கவில்லை என்ற கவலையையோ, எழுதி முடித்த முதல் கவிதையையோ யாரிடம் காட்டுவது? காபி ஹவுஸ் அந்த மாணவர்களின் வரவேற்பறை ஆயிற்று. வாடகை ஒரு கோப்பை காபி.

நம் ஊரில் அந்த வேலையைத் திண்ணை செய்தது. கல்கத்தாவிலும் பழைய வீடுகளின் வாசலில் 'ரோக்' என்ற திண்ணை உண்டு. வேலை எதுவும் குறிக்காமல், முடிவு எதுவும் எதிர்பாராமல் மணிக்கணக்கில் நடக்கும் நண்பர் பேச்சுக்கு வங்காளிகள் வைத்த பெயர் 'அட்டா'. திண்ணையிலும் பணக்கார வீட்டுக் கூடத்திலும் நடந்த அட்டா இருபதாம் நூற்றாண்டில் காபிக் கடைக்கும் டீக்கடைக்கும் இடம் பெயர்ந்த கதையை வரலாற்றாசிரியர் தீபேஷ் சக்ரவர்த்தி 2000-ல் வந்த தன் நூலில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். அவரும் பிரசிடென்சி மாணவர்தான். திண்ணையில் உட்கார அந்தத் தெருக்காரனாக இருக்க வேண்டும். பணக்கார வீட்டுக் கூடத்துக்கு அழைப்பு வேண்டும். காபி ஹவுஸில் இரண்டும் தேவைப்படவில்லை.

அப்படிப் பேசி என்ன கண்டார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரு குளிர்காலப் பிற்பகலைச் சொல்லலாம். 1950-களின் தொடக்கம். சுதந்திர இந்தியா தன் முதல் பொதுத் தேர்தலை நடத்திய காலம். பிரசிடென்சியில் பொருளாதாரம் படித்த சுகமய் சக்ரவர்த்தி கையில் ஒரு புதுப் புத்தகம் இருந்தது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1951-ல் வெளியிட்டது. விலை கொடுத்து வாங்கியதல்ல. பழக்கமான புத்தகக் கடைக்காரர் படித்துவிட்டுத் தரும்படி கொடுத்த இரவல். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வாய்ப்புகள் முன்னே இருக்கும்போது, பலருடைய விருப்ப வரிசைகளை ஒரே சமுதாய வரிசையாக மாற்றும் எந்த முறையும் நியாயமான சில நிபந்தனைகளை ஒருசேர நிறைவேற்ற முடியாது என்று கணிதத்தால் நிரூபித்த புத்தகம் அது. அப்படியானால் ஜனநாயகத்தின் கதி என்ன?

காபி ஹவுஸில் ஜன்னல் ஓர மேஜையில் உட்கார்ந்து சுகமய் அந்தக் கேள்வியை விளக்கினார். எதிரே கேட்டுக்கொண்டிருந்த வகுப்புத் தோழர் அமர்த்தியா சென். இளவெயில் பட்டு ஒளிர்ந்த நண்பரின் முகத்தைப் பல பத்தாண்டுகள் கழித்தும் சென் மறக்காமல் எழுதியிருக்கிறார். சுகமய் பின்னாளில் திட்டக் கமிஷன் உறுப்பினரானார்; 1990-ல் காலமானார். சென் அந்தக் கேள்வியை விடவில்லை. சமுதாயத் தேர்வு பற்றிய ஆய்வு அவருடைய வாழ்நாள் வேலைகளில் ஒன்றாயிற்று. 1998-ல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கான காரணங்களில் அதுவும் ஒன்று. அன்று மதியம் பாடவேளை முடிந்ததும் இருவரும் நேராக விடுதிக்குப் போயிருந்தாலும் சென் அந்தப் புத்தகத்தை என்றாவது படித்திருப்பார். ஆனால் இரவல் வாங்கிய புத்தகமும், அதைப் படித்த நண்பனும், அவசரமில்லாத ஒரு மேஜையும் சேர்ந்து அமைந்ததில் அவருக்கு அந்தக் கேள்வி பத்தொன்பது வயதுக்குள்ளேயே கிடைத்துவிட்டது.

கவிஞர்களுக்கும் அப்படியே. 1953-ல் சுனில் கங்கோபாத்யாயும் நண்பர்களும் தொடங்கிய 'கிருத்திபாஸ்' இளம் கவிஞர்களுக்கான பத்திரிகை. அந்தக் கூட்டத்தின் ஆபீஸ் என்று சொல்லத்தக்க இடம் காபி ஹவுஸ். சக்தி சட்டோபாத்யாய் முதலிய கவிஞர்கள் அங்கே கூடினார்கள். 1962-ல் கல்கத்தா வந்த அமெரிக்கக் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க் இவர்களோடு பழகினார். சினிமாப் பைத்தியங்களுக்கு இன்னொரு மேஜை இருந்தது. விளம்பரக் கம்பெனியில் படம் வரைந்துகொண்டிருந்த சத்யஜித் ராயும் நண்பர்களும் சென்ட்ரல் அவென்யூவில் இருந்த காபி ஹவுஸில் கூடிப் படங்களைப் பிரித்து மேய்ந்தார்கள். 1947-ல் கல்கத்தா ஃபிலிம் சொசைட்டி உருவானது. எட்டு வருடம் கழித்து 'பதேர் பாஞ்சாலி'.

பெரிய பெயர்களை மட்டும் அடுக்கினால் காபி ஹவுஸ் என்பது நோபல் பரிசுக்கான பயிற்சிக் கூடம் போலத் தோன்றும். அங்கே உட்கார்ந்து எழுந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளி ஆசிரியர்களாகவும் பேங்க் குமாஸ்தாக்களாகவும் போனவர்கள். அவர்களுக்கான நினைவுச் சின்னம் ஒரு பாட்டு. 1983-ல் கௌரிபிரசன்ன மஜும்தார் எழுதி, சுபர்ணகாந்தி கோஷ் இசையமைத்து, மன்னா டே பாடிய அந்தப் பாட்டைத் தெரியாத வங்காளி இல்லை. ஒரு காலத்தில் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்த நண்பர்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் விஷயம். ஒருவன் பாரிசில், ஒருவன் டாக்காவில், கிதார் வாசித்தவன் கல்லறையில், ஒருத்தி மனநல விடுதியில். நண்பர்களுக்குள் கவிஞனாக இருந்தவனுக்குப் புற்றுநோய். அவனுடைய கவிதை ஒன்றுகூட எங்கும் அச்சேறவில்லை. எல்லோரிலும் சௌக்கியமாக இருப்பவள் பணக்காரக் கணவன் வாய்த்தவள். 2013-ல் மன்னா டே மறைந்தபோதும் ஊரெங்கும் ஒலித்தது இந்தப் பாட்டுதான்.

இதைக் கேட்டுக் கண்கலங்குகிறவர்கள் ஜெயித்தவர்களை நினைத்துக் கலங்குவதில்லை. அச்சேறாத கவிதைக்கும் ஒரு காலத்தில் நாலு பேர் காது கொடுத்தார்கள் என்ற நினைப்பில்தான் கலங்குகிறார்கள். பரீட்சையில் தோற்றவன், காதல் முறிந்தவள், வேலைக்கு மனுப்போட்டு அலுத்தவன் எல்லோருக்கும் அந்த மேஜையில் இடம் இருந்தது. காபி ஹவுஸ் தந்த ஆறுதல் அதுதான்.

குறை இல்லாமல் இல்லை. அட்டா என்பது வெட்டிப் பேச்சு, வங்காளி உருப்படாமல் போனதற்கே அதுதான் காரணம் என்ற வசை அந்த வார்த்தையின் வயதை ஒத்தது. ராய் தன் கடைசிப் படமான 'அகந்துக்'கில் (1991) இந்த வழக்கை விசாரித்தார். அட்டா வங்காளிகளின் தனிச் சொத்து என்று ஒருவர் பெருமையடிக்க, உலகம் சுற்றிவிட்டு வந்த மாமா குறுக்கிடுகிறார். பண்டைய ஏதென்ஸிலும் அட்டா இருந்தது, அதன் தரமே வேறு என்கிறார் அவர். பேசுவது தப்பில்லை, எதைப் பேசுகிறோம் என்று பார் என்பதே ராயின் தீர்ப்பு. வெகுகாலம் அட்டா ஆண்களின் சபையாகவே இருந்தது என்பது இன்னொரு குறை. திண்ணையில் பெண்களுக்கு இடமில்லை. கல்லூரிப் பெண்கள் சக மாணவர்களோடு சமமாக உட்கார்ந்து வாதாடக் காபி ஹவுஸ் வாய்ப்பளித்தது. ஆனால் வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய நேரம் அவர்களுக்குத்தான் முதலில் வந்தது. மாலையில் மேஜையை விட்டு முதலில் எழுந்தவர்கள் அவர்களே.

பேச்சு எப்போதும் பேச்சோடு நின்றதும் இல்லை. 1967-ல் நக்சல்பாரி கிளர்ச்சி வெடித்த பிறகு பிரசிடென்சி மாணவர்கள் பலர் அந்த அரசியலில் இறங்கினார்கள். மேஜையில் தொடங்கிய வாதத்தின் தொடர்ச்சியாகக் கிராமங்களுக்குப் போனவர்கள் உண்டு. சிறைக்குப் போனவர்களும் திரும்பி வராதவர்களும் உண்டு. காலேஜ் ஸ்ட்ரீட்டில் குண்டுச் சத்தம் கேட்ட அந்த வருடங்களில் காலி நாற்காலிகளுக்கு வேறு அர்த்தம் இருந்தது.

இத்தனைக்கும் இந்த இடம் 1958-லேயே முடிந்து போயிருக்க வேண்டியது. 1950-களின் நடுவில் காபி வாரியம் நாடெங்கும் தன் காபி ஹவுஸ்களை இழுத்து மூடத் தொடங்கியது. ஊழியர்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் பக்கம் நின்ற கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் சொன்ன வழி, கடைகளை ஊழியர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து எடுத்து நடத்துவது. 1957 ஆகஸ்டில் பெங்களூரில் முதல் சங்கம் உருவானது. அதே ஆண்டு அக்டோபரில் டில்லியில் முதல் 'இந்தியன் காபி ஹவுஸ்' திறந்தது. 'இந்தியா' என்ற பெயர் 'இந்தியன்' என்று ஆனதில் மாறியது ஓர் எழுத்துதான். அதற்குள் உரிமையாளரே மாறியிருந்தார். நேற்று வரை தட்டு ஏந்தியவர் இன்று பங்குதாரர்.

கல்கத்தாவில் ஊழியர்களோடு வாடிக்கையாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். காலேஜ் ஸ்ட்ரீட் காபி ஹவுஸ் மூடப்படுகிறது என்றதும் பிரசிடென்சி கல்லூரி, கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அரசுக்கு மனுக் கொடுத்தார்கள். மாணவன் வகுப்பை விட்டு ஓடிப் போகும் இடத்தைக் காப்பாற்ற ஆசிரியர்கள் மனுப்போட்டது வேறெங்கும் எளிதில் நடக்கக்கூடியதல்ல. அந்த வருடமே அது திரும்பத் திறந்தது.

எல்லா ஊருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. டில்லி கன்னாட் பிளேசில் இருந்த காபி ஹவுஸ் பத்திரிகையாளர்களும் அரசியல்வாதிகளும் மாணவர்களும் கூடிய இடம். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், அது இடித்துத் தள்ளப்பட்டது. அந்த இடத்தில் இப்போது இருப்பது பாலிகா பஜார். காபி ஹவுஸ் மோகன் சிங் பிளேஸ் கட்டடத்தின் மாடிக்குப் போயிற்று. பெங்களூர் எம்.ஜி. ரோடில் பல தலைமுறைகளுக்குக் காலை டிபன் பரிமாறிய காபி ஹவுஸ் 2009-ல் கட்டடத்தைக் காலி செய்துவிட்டுச் சர்ச் ஸ்ட்ரீட்டுக்கு நகர்ந்தது. அரசாங்கத்தின் கோபத்தைவிட மனையின் மதிப்பு சத்தமில்லாமல் வேலை செய்கிறது.

அந்த எம்.ஜி. ரோடிலிருந்து சில நிமிட நடையில், பிரிகேட் ரோடில், 1996-ல் கஃபே காபி டே தன் முதல் கடையைத் திறந்தது. அதன் பிறகு நாடெங்கும் குளிர்பதன காபிக் கடைகள் பெருகின. அங்கேயும் மாணவர்கள் உட்கார்ந்துதான் இருக்கிறார்கள். லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரமும் உட்காருகிறார்கள். ஆனால் அங்கே ஒரு காப்புச்சினோவுக்கு ஆகும் பணத்தில் காலேஜ் ஸ்ட்ரீட்டில் ஒரு மேஜையே இன்ஃப்யூஷன் குடித்துவிடலாம். நேரத்துக்கான விலை அங்கே கோப்பையிலேயே சேர்ந்திருக்கிறது. புருலியாவிலிருந்தோ முர்ஷிதாபாத்திலிருந்தோ உதவித்தொகையை நம்பிப் படிக்க வந்த பையன் அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளுவதற்கு முன் இரண்டு முறை யோசிப்பான். காபி ஹவுஸ் மாடிப்படியில் அவன் யோசிப்பதில்லை.

அதற்காகக் காபி ஹவுஸ் அப்படியே இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. ஒரு காலத்தில் மேகம்போல் தொங்கிய சிகரெட் புகையைப் பொது இடங்களில் புகைப்பதற்கு 2008-ல் வந்த தடை கலைத்தது. பாட்டைக் கேட்டுவிட்டு இடத்தைப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகள் தாகூர் படத்துக்கு முன்னால் செல்ஃபி எடுக்கிறார்கள். பழைய மாணவர்கள் நரைத்த தலையோடு வந்து, இப்போது முன்னைப்போல் இல்லை என்று அங்கலாய்க்கிறார்கள். அதைச் சொல்லவும் அவர்களுக்கு அந்த மேஜைதான் வேண்டியிருக்கிறது. 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது கூடம் நெடுநாள் மௌனமாயிற்று. அந்த மே மாதமே அம்பன் புயல் காலேஜ் ஸ்ட்ரீட் கடைகளின் புத்தகங்களை வெள்ளத்தில் மிதக்கவிட்டது. இரண்டிலிருந்தும் தெரு மீண்டது.

மீளாத கணக்கு ஒன்று இருக்கிறது. காபிக் கொட்டை, கோழி, எண்ணெய், காஸ் எல்லாம் விலை ஏறுகின்றன. விலைப் பட்டியலை ஏற்றினால் மாணவன் வரமாட்டான். ஏற்றாவிட்டால் தலைப்பாகை கட்டியவரின் வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம். லாபத்தை எடுத்துப் போக முதலாளி இல்லாததால்தான் மாணவனுக்கு மணிக்கணக்கில் நாற்காலி கிடைக்கிறது. நஷ்டத்தைத் தாங்கவும் முதலாளி இல்லை என்பது அதே நாணயத்தின் மறுபக்கம். ஒரு கோப்பையோடு மாணவன் உட்காரும் இரண்டாவது மணி நேரத்துக்கு யாரோ விலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். 1942-ல் காபித் தோட்டங்கள் கொடுத்தன. 1958-லிருந்து சர்வர்கள் கொடுக்கிறார்கள்.

ஒவ்வொரு வருடமும் கல்லூரி திறந்த புதிதில் சீனியர்கள் முதலாண்டு மாணவர்களை அழைத்துக்கொண்டு படியேறுவது வழக்கம். இரைச்சலில் மிரண்டு நிற்கும் பையனுக்கும் பெண்ணுக்கும் யாராவது ஒரு நாற்காலியை இழுத்துப் போடுகிறார்கள். நாலு பேர் மேஜையில் ஏழு பேர். சர்வர் வந்து எத்தனை இன்ஃப்யூஷன் என்று கேட்கிறார். மூன்று என்கிறார்கள். அவர் தலையாட்டிவிட்டுப் போகிறார்.